லாபம், இரண்டு, மூன்று

செபஸ்தியாண்ணன் எழுதிய பட்டியல் எதிலும் ஒன்று என்ற எண் இருக்காது. தாளின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி. கீழே முதல் பொருளுக்கு நேராக 'லாபம்'. அப்புறம் இரண்டு, மூன்று என்று போகும். முப்பத்தைந்து வருடமாக அவர் எழுதியது எல்லாம் இப்படித்தான்.

நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லி அளப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மீனலோசனி ஆச்சி வீட்டில் பட்டியலையும் அப்படித்தான் எழுதுவார்கள். அண்ணன் பத்தொன்பது வயதில் அங்கே எழுத்துவேலைக்குச் சேர்ந்த அன்று, வேதக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழகியபடி மேலே சிலுவை போட்டு, கீழே '1' என்று எழுதினாராம். ஆச்சியின் கணவர் பெத்தாச்சி செட்டியார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒன் சாமிய நீ போட்டுக்க. எங்க லாபத்த விட்டுறாத" என்றாராம். அன்றிலிருந்து இரண்டும் சேர்ந்தே வந்தன. சிலுவையும் லாபமும் ஒரே தாளில் இருந்தால் அது செபஸ்தியான் எழுதியது. காரைக்குடி வட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இருக்க வழியில்லை.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். செட்டியார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுக்கிற சாமான் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை உட்கார்ந்து புழங்கலாம் என்கிற அளவுக்கு இருக்கும். அது அந்தப் பெண்ணின் சொத்து. தனி அறையில் வைத்துப் பூட்டுவார்கள். அதற்குப் பட்டியல் உண்டு. அண்ணன் பட்டியல் எழுதுவார், வருடத்துக்கு ஒருமுறை அறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, பட்டியலோடு ஒத்துப்பார்த்துத் திரும்பப் பூட்டுவார். ஆச்சி வீட்டுக்கு மட்டும் இல்லை, கேட்ட வீட்டுக்கெல்லாம் போவார். பம்பாயிலும் மலேசியாவிலும் இருக்கிற வாரிசுகளுக்குத் தங்கள் வீட்டில் எத்தனை அறை என்றே தெரியாது. எந்த அறையில் எந்த அலமாரிக்குப் பின்னால் எது இருக்கிறது என்பது அண்ணனுக்குத் தெரியும். அதை அவர் சொந்தப் பெண்டாட்டி அருளம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு அவரைப் பழக்கம் ஆனது 1998இல். செக்காலை ரோட்டில் உரக்கடை இருந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டு மாட்டியிருந்தேன். ஊரில் பாதிப்பேர் அது என்ன கடை என்று கேட்கவே வந்தார்கள். ஆச்சி என் கடைக்குப் பின்தெருவில் சின்ன வீட்டில் இருந்தார். ஆத்தங்குடி போகிற வழியில் இருந்த பெரிய வீட்டைப் பூட்டி, சோணை என்கிற காவலாளியிடம் விட்டிருந்தார். மகன் ராமநாதன் அமெரிக்காவில். கடிதம் போய்ச்சேர மூன்று வாரம் ஆகிறது என்பதால் ஆச்சி பேச, அண்ணன் எழுதிக்கொண்டு வந்து, என் கடையில் ஒற்றை விரலால் தட்டுவார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். வாரம் இரண்டு முறை வருவார். நாற்காலியில் உட்காரும்போது "ஆண்டவரே" என்பார், எழுந்திருக்கும்போதும் "ஆண்டவரே" என்பார். அதில் பக்தி ஒன்றும் இல்லை, முழங்கால் வலி.

ஆச்சி மகனுக்கு அனுப்புகிற மெயிலிலும் மேலே கூட்டல் குறியைத் தட்டுவார். "அண்ணே, இது கம்ப்யூட்டரு, இதுக்கு எதுக்கு சிலுவை" என்று கிண்டல் செய்வேன். "கை போட்டுருச்சு" என்பார்.

இனிமேல் சொல்வதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இன்டர்நெட் என்றால் காரைக்குடியிலேயே எனக்குத்தான் தெரியும் என்கிற மிதப்பு. ஒருநாள் மோடம் கத்தி முடித்து இணைப்புக் கிடைத்ததும், அண்ணனுக்கு வித்தை காட்டுகிற மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். சாம்பல் நிறப் பக்கம், படம் ஒன்றும் கிடையாது. ரகசியங்களை விற்கிற சந்தை அது. யாரோ ஒரு கம்பெனியின் மருந்துச் சேர்மானத்தை விற்றார்கள். யாரோ பரீட்சைத் தாள். யாரோ ஒரு பணக்காரரின் உயில். விற்கிறவருக்கும் பெயர் கிடையாது, வாங்குகிறவருக்கும் கிடையாது. எண் மட்டும்தான்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு விக்கிறாகன்னு தெரியவே தெரியாதா?"

"தெரியாதுண்ணே. பேரே கெடையாது."

"பொருளு?"

"பொருள் எங்குட்டும் போகாது. யார்ட்ட என்ன இருக்கு, எங்க இருக்குங்கிற சேதிதான் சரக்கு."

"சொன்னா பொருளு கொறையாதுல்ல" என்றார். "இருந்த எடத்துலதான இருக்கும்."

நான் சிரித்தேன். நம்ம ஊரில் விற்க என்ன ரகசியம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஆச்சியின் மெயிலைத் தட்ட ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் ஜெரினாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ராமநாதபுரம் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை வீட்டார் தன்மையானவர்கள், தொகை எதுவும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு என்ன செய்வீகன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். தன்மையாகக் கேட்பதில் இருக்கிற கொடுமை தன்மையாகக் கேட்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. அண்ணன் என் கடையில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினார். சிலுவை போட்டார். லாபம் போட்டார். பதினொன்றில் நின்றுவிட்டது. பதினோராவது இட்லிக் கொப்பரை.

"முந்நூறு நம்பர் வரைக்கும் எழுதியிருக்கேன் ஃபெலிக்ஸு" என்றார். "வேறொரு வீட்ல, ஒரே பிள்ளைக்கு. முந்நூறு." பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டு போய்விட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்கப்புறம் ஆச்சியின் மெயில் முடிந்த பிறகும் அரை மணி, முக்கால் மணி உட்கார ஆரம்பித்தார். நான் எட்டிப்பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்கிற நாகரிகம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான். இரண்டு மாதத்தில் என் கடை விலாசத்துக்கு ஒரு தடித்த கவர் வந்தது. பெயர் இல்லை. 3117 என்று மட்டும் இருந்தது. "எனக்குத்தான்" என்று வாங்கிக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு கவரும் வந்தது. ஜெரினாவின் பட்டியல் முப்பதைத் தாண்டியது என்று அருளம்மாள் மதினி கோயிலில் என் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

1999 அக்டோபரில் ஆச்சியின் பெரிய வீட்டில் திருட்டுப் போனது.

சோணைக்கு மாதத்தில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை லீவு. ஒக்கூரில் இருக்கிற மனைவி அன்னக்கிளியைப் பார்க்கப் போய்விட்டு மறுநாள் காலையில் வந்துவிடுவார். அந்தப் புதன்கிழமை வந்து பார்த்தால் பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. எத்தனையோ அறை இருந்தும் ஒரே ஒரு அறைதான் உடைபட்டிருந்தது. அது ஆச்சியின் மகள் அகிலாண்டேஸ்வரியின் அறை. கல்யாணமான வருடமே காய்ச்சலில் இறந்துபோன பெண். சாமான் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்து, இருபத்தெட்டு வருடமாக அந்த அறையில் இருந்தது. பர்மாத் தேக்குப் பெட்டிகள், அரக்குப் பூசிய மரவைப் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடி, தந்தப் பல்லாங்குழி எல்லாம் போய்விட்டன. தூசியில் சதுரம் சதுரமாகத் தடம் மட்டும் இருந்தது. மூலையில் ஒரு பழைய எனாமல் தூக்குச்சட்டி கிடந்தது. விலை போகாது என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

சோணையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ ஊரில் இல்லாத நாள் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. விசாரணை என்றால் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்னக்கிளி தினமும் ஒக்கூரிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தது.

போலீசுக்குக் கொடுக்கத் திருட்டுப்போன சாமான் பட்டியல் வேண்டும் என்றார்கள். அதை யார் எழுதுவது? செபஸ்தியாண்ணன்தான் எழுதினார். என் கடையில் வந்து அதை ஜெராக்ஸ் எடுத்தபோது அவர் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டார். வயதாகிறது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி.

ஐந்தாவது நாள் ராமநாதனிடமிருந்து மெயில் வந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர், தெரிந்தவர்களை எல்லாம் பிடித்து அந்தச் சாம்பல் பக்கத்தில் கிடந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதை அப்படியே இணைத்து, ஒரு பிரதி அம்மாவுக்கு, ஒரு பிரதி போலீசுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தார். விற்றவன் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த வெளியூர்க்காரன், மேலே இருக்கிற கூட்டல் குறி ஏதோ சங்கேதம், 'laabam' என்பது அந்தக் கும்பலின் பெயராக இருக்கலாம் என்று தன் ஆராய்ச்சியையும் சேர்த்திருந்தார். அம்மா மெயிலின் உச்சியில் வாராவாரம் வருகிற குறியும் அதுதான் என்று அவருக்கு உறைக்கவில்லை. பாவம், பத்து வயதில் ஊட்டிக்குப் படிக்கப் போனவர்.

பிரின்டர் வரி வரியாகத் தள்ளியது. முதலில் கூட்டல் குறி. அடுத்து laabam. நாற்பத்தொன்றாவது பொருளுக்குக் கீழே தனியாக ஒரு வரி இருந்தது. காவலாள் மாதத்தில் இரண்டாம் செவ்வாய் ஊருக்குப் போவார்.

அந்தத் தாளை நான் இரண்டு நாள் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அண்ணன் மாட்டினால் கவர் வந்த விலாசம் என் கடை, பக்கத்தைக் காட்டியது நான், கடைக்குச் சீல் வைப்பார்கள். ஜெரினா கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது, கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இந்த மாதிரிக் காரணங்கள் வேண்டிய மட்டும் கிடைத்தன. சோணை உள்ளே இருக்கிறார் என்பது ஒரே ஒரு காரணம்தான். அது ஒன்று என்பதால் இரண்டு நாள் தோற்றுக்கொண்டே இருந்தது.

எட்டாவது நாள் அண்ணன் வழக்கம்போல ஆச்சிக்கு மெயில் இருக்கிறதா என்று கேட்டு வந்தார். தாளை எடுத்து நீட்டினேன். நின்றபடியே படித்தார். உட்கார்ந்தார், இந்தத் தடவை "ஆண்டவரே" சொல்லவில்லை.

"கை போட்டுருச்சு" என்றார்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக?"

"யாருக்கும் வேண்டாத ரூமுன்னு நெனச்சேன். பொண்ணும் இல்ல, பையனும் வரப்போறதில்ல. வாங்குறவன் ஆச்சிட்ட வந்து நல்ல வெலைக்குக் கேப்பான், அவுக பிரியப்பட்டாக் குடுப்பாகன்னு சொல்லிக்கிட்டேன்." தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "ரெண்டாவது தடவ, காவக்காரன் என்னைக்கு இருக்க மாட்டான்னு கேட்டான். அதக் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு ஃபெலிக்ஸு. தெரிஞ்சுதான் எழுதுனேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கூட வா" என்றார்.

ஆச்சிக்கு எழுபத்தாறு வயது, கண்ணில் புரை. வருகிற எதையும் அண்ணன்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் அவர் நினைத்திருந்தால் அன்றைக்கும் தப்பித்திருக்கலாம். முதல் வரியை 'ஒண்ணு' என்று படித்திருந்தால் போதும். போலீசுக்குக் கொடுக்கிற பிரதியில் இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கிறது, அவர்களுக்கு அது எங்கே புரியப்போகிறது. வழிநெடுக நான் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். ஒண்ணு என்று படிக்கட்டும் என்றும் நினைத்தேன், படிக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

ஆச்சி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தீகளா செபஸ்தி. ராமநாதன் என்ன எழுதியிருக்கான்?"

"நம்ம ரூமு சாமான யாரோ கம்ப்யூட்டர்ல எழுதி வித்துருக்காக ஆச்சி. அந்தத் தாள அனுப்பியிருக்காக."

"படிங்க."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளை மடியில் வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"மேல ஒரு சிலுவை போட்டுருக்கு ஆச்சி" என்றார். "லாபம், பர்மாத் தேக்குப் பெட்டி."

அதோடு தாளைத் தாழ்த்தினார். ஆச்சியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மேல படிங்க" என்றார். இரண்டு, மூன்று என்று அண்ணன் படித்துக்கொண்டே போனார். நாற்பத்தொன்றையும் படித்து முடிக்கும்வரை ஆச்சி கேட்டார். கடைசியில் சோணை வரியையும் படித்தார்.

"நாப்பத்திரண்டு எங்க?" என்றார் ஆச்சி.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அத எழுதல ஆச்சி."

"தூக்குச்சட்டி."

"ஆமாங்க ஆச்சி. அத விக்க மனசு வரல."

அந்தத் தூக்குச்சட்டியில்தான் அகிலாண்டேஸ்வரிக்கு மதியச் சோறு போகும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோனது அண்ணன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுத்துவேலையோடு அதுவும் அவர் வேலை. பிள்ளைக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

"அத மட்டும் விட்டுட்டுப் போயிருந்தத அன்னைக்கே பாத்தேன்" என்றார் ஆச்சி. "களவாங்க வந்தவனுக்கு அது என்னன்னு தெரியுமா? தெரிஞ்ச ஒரு ஆளு எழுதாம விட்டாத்தான் அது அங்க கெடக்கும். அன்னைக்கே எனக்குத் தெரியும் செபஸ்தி. நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன்."

"வரத்தான் நெனச்சேன் ஆச்சி. தெனமும்."

"நானும் தெனமும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய துக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்றபோது எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது. என் மேலும் வந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கத்தின் மரியாதையை அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கான அடி வேறொருவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணன் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்த் தானே சொன்னார். சிவகங்கை கோர்ட்டில் கேஸ் நடந்தது, நான்கு மாதம் உள்ளே இருந்தார். வாங்கினவனையும் வந்து எடுத்தவர்களையும் கடைசிவரை பிடிக்கவில்லை, பெயர் இருந்தால்தானே. என்னையும் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் கடையை எடுத்துவிட்டேன். ஜெரினாவின் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் அந்த முப்பத்திச்சொச்சம் பட்டியலைத் தன்மையாகத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் வெளியே வந்தபிறகு எந்த வீட்டிலும் அவரைப் பட்டியல் எழுதக் கூப்பிடவில்லை. அவரும் எதையும் எழுதவில்லை. கையெழுத்துப் போடக்கூடத் தயங்குவார் என்று அருளம்மாள் மதினி சொன்னார்கள்.

ஆனால் எனக்கு நினைப்பில் நிற்பது இதெல்லாம் இல்லை. சோணையை விட்ட அந்த மதியம்தான்.

ஆச்சி காரை அனுப்பியிருந்தார். சோணை காரில் ஏறவில்லை, அன்னக்கிளியோடு நடந்தே வந்தார். இடது கை வீங்கி, விரலை மடக்க முடியாமல் இருந்தது. ஆச்சி வீட்டு வாசலில் நின்று பெரிய வீட்டுச் சாவிக்கொத்தையும் டார்ச் லைட்டையும் கீழே வைத்தார். ஸ்டேஷனில் பறித்து வைத்திருந்து அன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தார்களாம்.

"உள்ள வாப்பா" என்றார் ஆச்சி. "ஆஸ்பத்திரிக்குப் போவம். உனக்கு என்ன வேணுமோ சொல்லு, நான் செய்யிறேன்."

"ஒண்ணு கேக்கணும் ஆச்சி."

"கேளு."

"களவாண்டது நான் இல்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஆச்சி பொய் சொல்கிறவர் இல்லை. "மொத நாளே தெரியும்" என்றார்.

சோணை என் பக்கம் திரும்பினார். அந்தத் தாள் கடையில் இரண்டு நாள் கிடந்த விஷயம் அதற்குள் ஸ்டேஷனில் பேச்சாகியிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"செபஸ்தியாண்ணனுக்கும் மொத நாளே தெரியும்" என்றார் சோணை, கேள்வியாக இல்லாமல். "எனக்கு மட்டும்தான் தெரியல. யாரு எடுத்தான்னு கேட்டு அடிக்கிறாக, தெரிஞ்சாத்தான சொல்லுறதுக்கு. எட்டு நாளும் அத யோசிச்சுக்கிட்டே இருந்தேன் ஆச்சி, யாரு யாருன்னு. அந்த வீட்டு ஆளுக யாரும் செஞ்சிருக்க மாட்டாகன்னு போலீசுட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அன்னக்கிளி டார்ச் லைட்டைக் குனிந்து எடுத்து, அது அவர்கள் காசில் வாங்கியது என்று சொல்லி, பையில் போட்டுக்கொண்டது. சாவிக்கொத்து வாசற்படியிலேயே கிடந்தது. இருவரும் ஒக்கூர் பஸ் நிற்கிற பக்கமாக நடந்துபோனார்கள்.